குதிரைக்குப் பக்கவாத்தியம்

பக்கவாத்தியம் வாசிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஆரம்பத்திலேயே ஓர் எச்சரிக்கை. கொச்சி மட்டாஞ்சேரியில் மிருதங்கத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்த கிழவன், மகா வித்வான்களுக்கு வாசித்த பெருமையை அளக்கப்போகிறான் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். கல்யாணம், கோயில் உற்சவம், நாட்டிய அரங்கேற்றம், நாடகம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனவன் நான். ஆனால் வெளிநாட்டு மைதானத்தில், ஆசிய நாடுகள் அத்தனையும் பார்த்திருக்க ஆடிய ஒரு கலைஞருக்கு வாசித்திருக்கிறேன். மேடையில் நம்மைத் திரும்பி முறைக்கமாட்டார். சுருதி சரியில்லை என்று தலையை ஆட்டமாட்டார். கொள்ளு சாப்பிடுவார். பெயர் சுல்தான். குதிரைதான்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? நானும் அன்றைக்கு உங்களைப் போலத்தான் சிரித்தேன்.

எண்பதுகளின் பின்பாதி. எங்கள் கோஷ்டியில் அப்போது மூன்று பேர். மிருதங்கம் நான். ஹார்மோனியம் வாசித்த பெரியவரை ஊரே இக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே சொல்கிறேன். மட்டாஞ்சேரி மாடிகளில் விடிய விடிய நடக்கும் பாட்டு மஜ்லிஸ்களில் பழுத்தவர். வயலின் சேஷு. பாலங்களுக்கு அந்தப் பக்கம் வைட்டிலாவில் வீடு. என் வயதுக்காரன், நல்ல கை, ஆனால் வாயும் அதே அளவுக்கு நீளம். ஒரு அரங்கேற்றம் முடிந்து மிருதங்கத்துக்கு உறையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, மீசை வைத்த ஒருவர் என் முன்னால் வந்து விறைப்பாக நின்றார். ராணுவத்தில் மேஜர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அக்கா வீட்டுக்கு லீவில் வந்திருந்தார்.

"அண்ணா, நீங்க ஆடின குட்டியோட காலைப் பாத்துண்டே வாசிச்சேள். நான் கவனிச்சேன்" என்றார். "ஒரு குதிரைக்கு அதே மாதிரி வாசிக்க முடியுமோ?"

சேஷு வயலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சாருக்குச் சாயா ஏதாவது வாங்கிண்டு வரட்டுமா?" என்று கேட்டான். வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

மேஜர் பொறுமையாக விளக்கினார். டிரெஸாஜ் என்று ஒரு போட்டி. அதில் குதிரை பந்தயம் ஓட வேண்டாம், வேலி தாண்ட வேண்டாம். மணல் போட்ட நீண்ட களத்தில் தனியாக வந்து, சவாரிக்காரர் கையும் காலும் அசைவதே வெளியே தெரியாமல், அவர் நினைத்தபடியெல்லாம் நடந்து, துள்ளி, வட்டமடித்து, நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் காட்டவேண்டும். சுற்றிலும் நடுவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு அசைவுக்கும் மதிப்பெண் போடுவார்கள். தனிநபர் பிரிவின் கடைசிச் சுற்றில் அவரவர் கொண்டுவரும் இசைக்கு ஆட வேண்டும். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இது வேறு ரூபத்தில் வந்த அரங்கேற்றம், அவ்வளவுதான்.

"போன போட்டியில பேண்டு வாத்தியம் வாசிச்ச வெளிநாட்டு கேசட் ஒண்ணைப் போட்டேன்" என்றார் மேஜர். "குதிரை நடக்கறது, பாட்டு ஓடறது. குதிரை ஓடறது, பாட்டு தூங்கறது. ஜனங்க சிரிச்சா, அண்ணா. என்னைப் பாத்துச் சிரிச்சா பரவாயில்லை. சுல்தான் ஒரு தப்பும் பண்ணலை. அதுக்கு வயசாயிடுத்து. இந்த ஆசியப் போட்டிதான் அதுக்குக் கடைசி. அதைப் பாத்து யாரும் சிரிக்காம களத்தை விட்டு வெளியே கூட்டிண்டு வரணும். எனக்கு அது போதும்."

பதக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். இதற்கு எப்படி மாட்டேன் என்று சொல்வது?

குதிரை இருப்பது பெங்களூரில். மேஜரிடம் இருந்தது அது பயிற்சி செய்யும் வீடியோ கேசட் மட்டும். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் வீடியோ டெக் இருந்த ஒரே வீடு பள்ளுருத்தியில் ரோஸி சேச்சியுடையது. சேச்சியின் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய டெக்குக்குச் சேச்சி பட்டுத்துணியில் மேலுறை தைத்துப் போட்டிருந்தாள். நாங்கள் மிருதங்கம், ஹார்மோனியம், வயலின், மேஜர் சகிதம் போய் இறங்கியதும் அக்கம்பக்கத்தார் சினிமா என்று நினைத்துப் பாயோடு வந்துவிட்டார்கள். திரையில் ஒரு குதிரை மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பதைப் பார்த்து ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டினார்கள். ஒருவர் மட்டும் வில்லன் வருவான் என்று கடைசிவரை காத்திருந்தார்.

நான் அந்தக் கால்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாக நடக்கும்போது நான்கு குளம்பும் தனித்தனியாகத் தரையைத் தொட்டன, சுத்தமான நாலு எண்ணிக்கை. அடுத்த வேகமான துள்ளலில் எதிரெதிர்க் கால்கள் ஜோடியாக விழுந்தன, இரண்டு எண்ணிக்கை. பாய்ச்சலில் மூன்று தட்டு, பிறகு நான்கு காலும் அந்தரத்தில் ஒரு கணம், மறுபடி மூன்று தட்டு. நமக்கு வாத்தியார் பிரம்பால் அடித்துப் புகட்டிய நாலு எண்ணுகிற சதுஸ்ரமும் மூன்று எண்ணுகிற திஸ்ரமும் அதற்குப் பிறவியிலேயே இருந்தன. காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகம், கொஞ்சம்கூட மாறவில்லை. இத்தனை நாள் எத்தனையோ மனிதர்களோடு மல்லாடினேனே என்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

"இதுக்குப் பயம் கியம் உண்டா?" என்று சேஷு கேட்டான்.

"குடை. யாராவது பக்கத்துல குடையை விரிச்சா மிரண்டுடும். மத்தபடி பீரங்கிச் சத்தத்துக்குக்கூட அசையாது."

ரோஸி சேச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "குடையைக் கண்டா பேடிக்கிற குதிரையா? மேஜரே, நல்லவேளை இதைக் கொச்சிக்குக் கொண்டுவரலை. இடவப்பாதி மழையில ஒரு நாள் தாங்காது."

நாலைந்து நாள் அங்கேயே ஒத்திகை. டெக்கில் குதிரை ஆடும், நாங்கள் எதிரே உட்கார்ந்து வாசிப்போம். அந்த ஒத்திகையில் நாங்கள் செய்த தவறை இந்த உலகத்தில் வேறு எந்த நாட்டு இசைக்காரனும் செய்திருக்கமாட்டான். குதிரை நடுக்கோட்டில் வந்து நிற்கும், சவாரிக்காரர் தொப்பியை எடுத்து வணங்குவார், அத்தோடு ஆட்டம் முடிந்தது. நாம் சும்மா முடிப்போமா? தீர்மானம் வைக்க வேண்டாமா? ஒரே சொற்கட்டை மூன்று தரம் வாசித்து, மூன்றாவது தரம் கையை ஓங்கி, கைதட்டலுக்காகச் சபையைப் பார்க்க வேண்டாமா? நான் முதல் தரம் வாசிக்கும்போது சுல்தான் நின்றது. இரண்டாவது தரத்துக்கு மேஜர் தொப்பியை எடுத்து மாட்டிவிட்டார். மூன்றாவது தரம் முடிந்தபோது திரையில் வெறும் மணல்தான் இருந்தது.

இக்கா ஹார்மோனியத் துருத்தியை மூடிவிட்டு என் தோளைத் தட்டினார். "மோனே, குதிரை நின்னாச்சு. நீ தனியா எங்கே ஓடிட்டிருக்கே?"

சேச்சி வீடே சிரித்தது. மேஜர்கூட மீசைக்குள் சிரித்தார். இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் வாசிக்கிறீர்கள். பாடுகிறவர் முடித்துத் தண்ணீர் குடிக்கிறார், உங்கள் கை மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு சபாவில் நேரிலேயே பார்த்தேன். பெயரைச் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

தீர்மானத்தை விட்டொழித்தேன். குதிரை நிற்கும் இடத்தில் ஒரே ஒரு தட்டு, அதோடு சரி. சேஷு மசிவதாக இல்லை. ஒரு நடையிலிருந்து இன்னொரு நடைக்குக் குதிரை மாறும் இடங்களில் மட்டும் வயலின் தனியாகக் கொஞ்சம் இழைவது என்று ஏற்பாடு. நான் அளந்து வைத்த இடம் அவனுக்குப் போதவில்லை.

"என்னடா மணி, ஒரு வில் இழுக்கிறதுக்குள்ள நீ தட்டிடறே. மூணு ஸ்வரம்கூடத் தொடலை. இன்னும் கொஞ்சம் இடம் குடு."

"குதிரை ஆடறதைப் பாக்க வர்றாளா, நீ இழுக்கிறதைக் கேக்க வர்றாளா?"

"அதுக்கும் மூச்சு வாங்க வேண்டாமாடா? கேட்டுப் பாரு மேஜர் சாரை."

மேஜர் பாவம், நல்ல மனிதர். மாறும் இடத்தில் சுல்தானைக் கொஞ்சம் நடக்க விடலாம், கெடுதல் இல்லை என்றார். அதைப் பிடித்துக்கொண்டு சேஷு சந்தையில் மீன் பேரம் பேசுகிற மாதிரி தினமும் பேசிப் பேசி இடத்தை நீட்டினான். கடைசியில் நான் முதலில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தான்.

ரெக்கார்டிங்குக்குப் பஜாரில் சுக்கு கோடவுன் மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோ. சாதாரண நாளில் அங்கே ஒலிப்பதிவு செய்தால், கைவண்டிச் சத்தமும் சுமை தூக்கும் தொழிலாளிகளின் கூச்சலும் பாட்டோடு சேர்ந்து பதிவாகும். மேஜரின் ரயிலுக்கு முந்தின நாள் கேரளம் முழுக்க பந்த் என்று அறிவித்தார்கள். நம் ஊரில் பந்தைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அந்த ஸ்டூடியோக்காரராகத்தான் இருக்க வேண்டும். பஜாரே மூச்சுவிடாமல் கிடக்கும், இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றார். நானும் இக்காவும் நடக்கிற தூரம். மேஜரும் அப்படியே. சேஷு, "சைக்கிள் இருக்கு, வந்துடறேன். என்னை யார் தடுக்கறது?" என்று முந்தின நாள் சவால் விட்டுப் போனான்.

காலையிலிருந்து காத்திருந்தோம். ஆளைக் காணோம். மத்தியானமும் ஆயிற்று. பந்த் முடிந்து கடைகள் திறந்தால் கைவண்டிகள் வந்துவிடும். மறுநாள் விடிந்தால் மேஜர் ரயிலில். அந்த ஸ்டூடியோவில் தனித்தனியாகப் பதிந்து பின்னால் சேர்க்கிற வசதியெல்லாம் கிடையாது. எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டியதுதான்.

"சேஷுவோட இடத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார் இக்கா.

மேஜர் ஒரு சுக்கு மூட்டைமேல் குதிரைமேல் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, கண்ணை மூடி, கையில் கடிவாளம் பிடித்தபடி தயாரானார். வாசித்தோம். என் பகுதியெல்லாம் கல்லு மாதிரி நின்றது. மாறும் இடம் வந்ததும் இக்காவுக்குள் இருந்த மஜ்லிஸ் விழித்துக்கொண்டது. அவர் ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் அதைக் கொஞ்சாமல் விடமாட்டார். ஒரு தரம் நீளம், ஒரு தரம் குட்டை. கேட்க அமிர்தமாக இருந்தது. மூட்டைமேல் இருந்த மேஜர்தான் தவித்துப்போனார்.

"இக்கா, ரொம்ப நன்னா இருக்கு. ஆனா சுல்தான் எப்போ கிளம்பணும்னே எனக்குத் தெரியலையே" என்றார்.

திரும்பத் திரும்ப வாசித்தோம். இக்காவால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. அது அவர் குறையும் இல்லை, வாழ்நாள் பழக்கம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதிர்க் கடைக்காரர் பலகைக் கதவருகே வந்து தெருவை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். நேரம் கிட்டத்தட்டப் போய்விட்டது என்று அர்த்தம்.

"இக்கா, சேஷுவோட இடத்துல ஒண்ணும் வேண்டாம். சுருதிப்பெட்டி மட்டும் ஓடட்டும். நான் விரல்ல தாளம் எண்ணிண்டு, சரியா அடுத்த நடைக்கு எடுத்துடறேன்" என்றேன்.

இக்கா ஹார்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். "வெறுமனே விடறதா? டேப் அறுந்துபோச்சுன்னு ஜட்ஜி நினைக்கும். மறுபடி சிரிப்பாங்க, மோனே. இவர் எதுக்குப் பயந்து நம்மகிட்ட வந்தாரோ, அதையே செய்யச் சொல்றியே."

அவர் சொன்னதில் தப்பில்லை. மேஜர் என் முகத்தையே பார்த்தார். "அண்ணா, நீங்க என்ன சொல்றேள்?"

எனக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்? குதிரைமேல் நான் ஏறினதுகூட இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நாட்டியமும் நாடகமும்தான். ஒரு நாடகத்தில் ராஜா வேஷக்காரர் வசனத்தை மறந்து நின்றபோது, சமாளிக்கிறேன் என்று நான் தடதடவென்று வாசித்தேன். அந்தச் சத்தத்தில் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்த வசனம் அவர் காதில் விழவே இல்லை. அதுதான் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

"சார், யாரும் சிரிக்கமாட்டான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா தப்பா ஒண்ணு இருக்கறதுக்குப் பதிலா ஒண்ணும் இல்லாம இருக்கறது மேல்" என்றேன்.

மேஜர் மூட்டைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஆகட்டும். வாசிங்கோ."

வாசித்தோம். சேஷுவின் இடம் வரும்போதெல்லாம் சுருதி மட்டும் கேட்க, நான் முழங்காலில் விரல் எண்ணினேன். அந்தச் சும்மா இருத்தல் இருக்கிறதே, வாழ்நாளில் நான் வாசித்த எந்தத் தனியாவர்த்தனமும் அவ்வளவு பயத்தைக் கொடுத்ததில்லை. கடைசித் தட்டு விழுந்தது. தெருவில் முதல் கைவண்டி கடகடத்தது.

சாயங்காலம் சேஷு வந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கேரியரில் வயலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு. வழியில் தேவராவில் பந்த்காரர்கள் மறித்து இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்களாம். கையில் காலில் விழுந்து தப்பி, பாலமெல்லாம் தாண்டி நடந்தே வந்திருக்கிறான். சட்டை முழுக்க வேர்வை.

"என் இடத்துல என்னடா பண்ணினே?"

"சும்மா விட்டுட்டேன்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "வேற யாரையாவது வாசிக்கச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. என்னை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டியேடா" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அந்த மழைக்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்து சுருதி சேர்ப்பான், பேச்சு மட்டும் கிடையாது. எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போட்டி முடிந்து மேஜர் வந்தார், கையில் இன்னொரு வீடியோ கேசட். பதக்கம் வாங்கிய மூன்று பேரைப் பற்றி ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அந்த மூவரில் அவர் இல்லை. "பின்னாலேர்ந்து எண்ணினா சீக்கிரம் வந்துடுவேன்" என்றார். மறுபடி எல்லோரும் ரோஸி சேச்சி வீட்டில் கூடினோம். சேஷுவை இக்கா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

திரையில் பெரிய மைதானம், வெளிநாட்டுக் கூட்டம், நடுவில் நம்முடைய சுல்தான். சுக்கு கோடவுன் மாடியில் வாசித்தது அந்த மைதானம் முழுக்கக் கேட்டது. சேச்சி சிலுவை போட்டுக்கொண்டாள். நடை நன்றாகப் போயிற்று. துள்ளல் தொடங்கியது. காலும் தட்டும் சேர்ந்தே விழுந்தன. தூறல் போலிருக்கிறது, களத்தின் ஓரத்தில் ஒருவர் பளிச்சென்று குடையை விரித்தார்.

சுல்தான் பக்கவாட்டில் ஓர் எகிறு எகிறியது. மேஜர் அதைத் தட்டிக்கொடுத்துத் திரும்பப் பாதைக்குக் கொண்டுவருவதற்குள் என் மிருதங்கம் அதன்பாட்டுக்கு முன்னே போய்விட்டது. குதிரை இன்னும் பாதித் துள்ளலில் இருக்கிறது, துள்ளலுக்கு வாசித்தது முடிந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. போன தடவை சிரிப்பும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

அப்போது சேஷுவின் இடம் வந்தது.

சுருதி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த ரீங்காரத்தில் முந்தவும் எதுவும் இல்லை, பிந்தவும் எதுவும் இல்லை. சுல்தான் தனியாக, தன் குளம்புச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, விட்ட துள்ளலை ஒன்று விடாமல் முடித்தது. மேஜர் அவசரப்படுத்தவே இல்லை. கூட்டத்தின் சலசலப்பு அப்படியே அடங்கியது. அவர்கள் அதை வேண்டுமென்றே அமைத்த கட்டம் என்று நினைத்திருக்க வேண்டும். துள்ளல் முடிந்து, இரண்டு மூச்சு நடந்து, குதிரை பாய்ச்சலுக்குக் காலைத் தூக்கியது. என் திஸ்ரம் விழுந்தது. முதல் தட்டும் முதல் குளம்பும் ஒன்றாக விழுந்தன. இக்கா, "படைச்சவனே" என்றார். கடைசியில் அது நடுக்கோட்டில் நின்றபோது ஒரே ஒரு தட்டு, மேஜர் தொப்பியை எடுத்தார், ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. திரையில் மேஜர் குனிந்து குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்த மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசற்படியைத் திரும்பிப் பார்த்தேன். சேஷு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கண் நிறைந்திருந்தது.

"நான் வந்திருந்தா கெடுத்திருப்பேனேடா மணி" என்றான். "அது துள்ளிண்டிருக்கும், நான் பாட்டுக்கு இழுத்துண்டிருந்திருப்பேன்."

"ஆமாம், கெடுத்திருப்பே" என்றேன். "ஆனா நான் முதல்ல குடுத்த இடம் அதுக்குப் போதவே போதாது. நீ சண்டை போட்டு வாங்கின இடத்துலதான்டா அது பிழைச்சுது."

சேஷு வயலின் துடைக்கிற துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு பழைய சேஷுவாக நிமிர்ந்து உட்கார்ந்து, டெக்கைக் காட்டினான்.

"சேச்சி, அதைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்கோ. நான் வாசிக்கிற இடத்தை இன்னொரு தரம் கேக்கணும்."

சேச்சி எழுந்துபோய் டேப்பைப் பின்னால் ஓட்டினாள்.